ஏழாவது ஃபேர்வே ஓரத்துக் களைச்செடியைக் காப்பாற்ற வேண்டும்: பிள்ளைப்பூச்சி, குளவி, கோல்ஃப் மைதானம்

அருகம்புல் (வட ஃபுளோரிடா), மே

வணக்கம். இங்கே ஒரு 18 குழி கோல்ஃப் மைதானத்தில் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் உதவி சூப்பரின்டென்டென்ட் நான். வேலைக்குச் சேர்ந்து 11 வருடம். கிளப்பின் பெயர் வேண்டாம்.

ஏழாவது ஃபேர்வேயின் (பந்தை அடித்துக்கொண்டு போகும் வெட்டிய புல்பாதை) இடது பக்கம், ரஃப் என்கிற உயரப் புல் முடிந்து பைன் மரங்கள் தொடங்கும் இடத்தில், ஒரு பூப்பந்துத் திடல் அளவுக்கு ஒரு களைச்செடி மண்டிக் கிடக்கிறது. வெள்ளைப் பொத்தானைத் தைத்து வைத்தது போலப் பூக்கும். நம்மூர் நத்தைச்சூரியின் பங்காளி. ஸ்பெர்மகோசே வெர்டிசிலாட்டா என்று பெயர். அடுத்த மாதம் போட்டி வருவதால் களைக்கொல்லி அடித்து அந்த இடத்தைத் துடைத்துவிடச் சொல்கிறது மைதானக் கமிட்டி. வேண்டாம் என்றேன். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் பேச விட்டிருக்கிறார்கள். அதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று கேட்கத்தான் இந்த இழை.

அந்தப் பூவில் தேன் குடிக்க ஒரு குளவி வருகிறது. லாரா பைகலர். கறுப்பு உடல், சிவந்த வயிறு, நீலம் ஓடும் இறக்கை. அதன் குஞ்சுக்குப் பிள்ளைப்பூச்சிதான் உணவு. பிள்ளைப்பூச்சிதான் எங்கள் மைதானத்தின் முதல் எதிரி.

தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவன் நான். பிள்ளைப்பூச்சி என்றால் மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழும், நாற்றங்கால் வரப்பைத் துளைக்கும், அவ்வளவுதான். இங்கே தொல்லை கொடுப்பவை மூன்று இனம். மூன்றுமே தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்று 1899 வாக்கில் கப்பலில் பாரத்துக்காக நிரப்பிய மண்ணோடு ஜார்ஜியாவின் பிரன்ஸ்விக் துறைமுகத்தில் இறங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். பூச்சி வந்தது, அதைத் தின்னும் எதிரி வரவில்லை. தடுப்பாரில்லாமல் தென்கிழக்கு மாநிலங்கள் முழுக்கப் பரவிவிட்டது. நாங்கள் ஃபேர்வேயில் போட்டிருக்கும் பெர்முடா புல் வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்தான். அதற்கு அடியில் விரல் பருமனுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். வேர் மண்ணை விட்டுப் பிரியும், புல் காயும், காலை வைத்தால் தரை மெத்தையாக அமுங்கும். பந்து உருள வேண்டிய இடத்தில் வாய்க்கால் வெட்டியது போலக் கிடக்கும்.

மேய்ச்சல் நிலம் வைத்திருந்த மாட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய அடி. குளோர்டேன் என்ற பூச்சிக்கொல்லி இருந்த காலத்தில் அதைக் கொட்டிச் சமாளித்தார்கள். 1970களில் அது போனபிறகு கைவிரித்து நின்றார்கள். அப்போதுதான் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் பிள்ளைப்பூச்சிக்கென்று தனி ஆராய்ச்சியைத் தொடங்கியது. பூச்சியின் சொந்த ஊருக்கே போய் அதன் எதிரிகளைத் தேடினார்கள். கிடைத்தவை மூன்று: இந்தக் குளவி, ஓர் ஈ, ஒரு நூற்புழு (மண்ணில் வாழும், நூல் போன்ற மிகச் சிறிய புழு). இந்த எதிரிகள் நிலைத்தபிறகு கெயின்ஸ்வில் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைப்பூச்சி சுமார் 95 சதவீதம் குறைந்துவிட்டதாகப் பதிவு இருக்கிறது. வாங்கித் தெளித்த மருந்து ஒரு பருவத்தோடு தீர்ந்துபோகும். இவை முப்பது வருடத்துக்கும் மேலாகத் தாமாகவே பெருகி வேலை செய்கின்றன.

ஆனால் குளவிக்குத் தேன் வேண்டுமே. பைன் மரமும் வெட்டின புல்லும் மட்டும் இருக்கிற இடத்தில் அது எதற்கு வரும்? இதை எப்படிப் புரியவைப்பது?

---

ஒன்பதாம்குழி (ஹூஸ்டன்)

நான் விளையாடுகிறவன், கிளப் கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உறுப்பினர் சந்தா கட்டுகிறார், தரை நன்றாக இருக்க வேண்டும் என்கிறார். அது தப்பில்லை. குளவி எத்தனை பூச்சியைக் கொல்லும் என்று உங்களால் உறுதி தர முடியாது. பிப்ரோனில் என்ற பூச்சிமருந்தைப் போட்டால் பல மாதத்துக்குக் கவலையில்லை என்று மருந்துக்காரர் எழுதியே கொடுப்பார். இரண்டில் எதைக் கமிட்டி தேர்ந்தெடுக்கும்? அதோடு "குளவி" என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். குழந்தைகளுக்குப் பயிற்சி நடக்கும் இடம் அது.

இன்னொன்றும் இருக்கிறது. இயற்கை எதிரி என்று சொல்லி எங்கள் கிளப்பில் நடந்ததெல்லாம் சேதம்தான். ஆர்மடில்லோ என்கிற ஓடு போர்த்திய விலங்கு புழுவைத் தேடி இரவோடு இரவாக ஃபேர்வேயை உழுதுவிட்டுப் போனது. 2023 அக்டோபரில் அரிசோனாவின் செடோனாவில் ஜாவலினா என்கிற காட்டுப்பன்றி மாதிரி விலங்கு கூட்டமாக வந்து புல்லைச் சுருட்டி எறிந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். மண்புழுவைத் தேடித்தான் அதுவும் வந்தது. இரை இருந்தால் தின்ன வருவது வரத்தான் செய்யும், தரைதான் பாழாகும்.

---

பூச்சிப்பெட்டி (கோயம்புத்தூர்)

நான் வேளாண் பூச்சியியல் முதுகலை மாணவி. ஒன்பதாம்குழி ஐயா சொன்ன ஆர்மடில்லோவையும் அண்ணா சொல்கிற குளவியையும் ஒரே கணக்கில் வைக்கக்கூடாது என்பதுதான் என் முதல் பதில்.

ஆர்மடில்லோ எதையும் தின்னும். மண்புழு, வேர்ப்புழு, எறும்பு, கிடைத்தது எல்லாம். பிள்ளைப்பூச்சி தீர்ந்தால் வேறொன்றைத் தின்று பிழைக்கும், அதனால் ஒன்றைக் குறிவைத்துக் குறைக்காது. லாரா குளவிக்கு அந்த வசதி இல்லை. அதன் புழு இந்தப் பிள்ளைப்பூச்சி இனங்களில் மட்டும்தான் வளரும். அமெரிக்காவுக்கே சொந்தமான பிள்ளைப்பூச்சி ஒன்று உண்டு. அதைக்கூட இது தொடுவதில்லை. அதற்கென்று உள்ளூர்க் குளவி தனியாக இருக்கிறது.

எங்கள் பாடத்தில் இரண்டு கதைகளை அடுத்தடுத்து வைத்துச் சொல்லித் தருவார்கள். 1935இல் கரும்பைத் தின்ற வண்டை ஒழிக்க ஹவாயிலிருந்து சுமார் 100 தேரைகளை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டு கரும்பின் உச்சியில், அதன் புழு மண்ணுக்குள், தேரை தரையில். வண்டு குறையவில்லை. தேரை கண்டத்தின் வடக்கிலும் கிழக்கிலும் பரவி, அதைக் கடித்த உள்ளூர் விலங்குகளை அதன் விஷம் கொன்றது. இரண்டாவது கதை எங்கள் ஊரிலேயே நடந்தது. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படர்ந்தது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் இலை இல்லாமல் தவித்தார்கள். எந்த மருந்துக்கும் அசையவில்லை, உடம்பெல்லாம் மெழுகு. 2010இல் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அந்தக் குளவி எங்கிருந்து வந்தது தெரியுமா அண்ணா? போர்ட்டோ ரிக்கோ. உங்கள் லாரா குளவியும் பிரேசிலிலிருந்து 1930களில் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போய், அங்கிருந்துதான் 1981இல் முதன்முதலாக ஃபுளோரிடாவுக்கு வந்தது. இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கமிட்டிக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்: எதைத் தின்னும் என்பதைவிட, எதைத் தின்னாது என்பதைச் சோதித்துப் பார்த்தபிறகுதான் இப்படிப்பட்ட குளவியை வெளியே விடுகிறார்கள்.

---

செம்பனைத்தோட்டம் (பேராக், மலேசியா)

கோல்ஃப் எனக்குத் தெரியாது. ஆனா இயற்கை எதிரியை வச்சு வேலை வாங்குறதுன்னா என்னன்னு நாங்க தோட்டத்துல பார்த்திருக்கோம். அதைச் சொல்றேன்.

எங்கப்பா செம்பனைத் தோட்டத்துல வேலை செஞ்சவரு. எலி பழத்தைக் கடிச்சு நாசம் பண்ணும். 80களில கூகைக்குப் பெட்டி வைக்க ஆரம்பிச்சாங்க. செம்பனையில கூகை முட்டையிடுற மாதிரி பொந்து இருக்காது. அதனால கம்பம் நட்டு மரப்பெட்டி. தொழிலாளர் லயத்துல பெரியவங்க யாருக்கும் பிடிக்கலை. கூகை கத்தினா வீட்டுல சாவுன்னு நம்பினவங்க. பெட்டியை எடுக்கச் சொல்லி மண்டோர்கிட்ட (கங்காணி) கேட்டவங்களும் உண்டு. அப்பா ஒரு நாள் பெட்டிக்குக் கீழ கிடந்த உருண்டைகளை ஒரு துணியில கட்டிட்டு வந்து, திண்ணையில எல்லாரும் பார்க்கப் பிரிச்சுப் போட்டாரு. கூகை முழுங்கிட்டு வெளிய துப்புற உருண்டை அது. உள்ள முழுக்க எலி மண்டை, எலிப்பல், எலி மயிர். அதுக்கப்புறம் பெட்டியை எடுக்கச் சொல்லி யாரும் பேசலை. சொல்லிக் கேட்காதவங்க கண்ணால பார்த்துக் கேட்டாங்க.

ஆனா அதே தோட்டத்துல எலி மருந்தும் போட்டாங்க. வார்பரினுக்கு எலி பழகிப்போச்சுன்னு புரோடிபாகூம்னு பலமான மருந்து வந்துச்சு. அது உடனே கொல்லாது, நாலஞ்சு நாள் ஆகும். அந்த நாலஞ்சு நாளும் எலி தள்ளாடிக்கிட்டு வெளிய திரியும். கூகைக்கு அதுதான் சுலபமா கிடைக்கும். மருந்து தின்ன எலியைத் தின்னு கூகை செத்துச்சு. பெட்டி காலியாச்சு. கூகை போனதும் மறுபடி எலி.

அதனால தம்பி, குளவி வேணும்னா மருந்து எங்க போடுறாங்கன்னு முதல்ல பாருங்க. பெட்டி வைக்கிறது சுலபம், மருந்துக்காரனை நிறுத்துறதுதான் கஷ்டம்.

---

அருகம்புல்

செம்பனைத்தோட்டம் அண்ணே, அந்தத் துணி மூட்டையை நான் மறக்கமாட்டேன். இங்கே தெற்கே பெல் கிளேடு பக்கம் கரும்பு வயல்களிலும் கூகைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் மைதானத்தில் எலி ஒரு பிரச்சினையில்லை. கலிஃபோர்னியாவில் கோஃபர் என்கிற மண்தோண்டி எலிக்காக வைக்கிற கிளப்கள் உண்டு.

ஒன்பதாம்குழி ஐயா, குளவி பற்றிய பயத்துக்கு: இது கூடு கட்டிக் கூட்டமாக வாழும் இனமில்லை. ஒவ்வொன்றும் தனி. காக்க வேண்டிய கூடு இல்லாததால் ஆளைத் துரத்தாது. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டலாம். 11 வருடத்தில் அந்தப் பூக்களுக்கு நடுவே நின்று எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன், ஒன்றுகூடக் கொட்டியதில்லை.

அது வேட்டையாடும் விதம்தான் எனக்குப் பேராச்சரியம். பெண் குளவி சுரங்கத்துக்குள் இறங்கும். பிள்ளைப்பூச்சி அலறியடித்துக்கொண்டு மண்ணுக்கு மேலே வரும். குளவி பின்னாலேயே வந்து உடம்பின் அடிப்பக்கம் கொட்டும். பூச்சி சில நிமிடம் செயலற்றுக் கிடக்கும். அந்தச் சில நிமிடத்தில் கால்களுக்கு நடுவே, பூச்சியால் தட்டிவிட முடியாத இடமாகப் பார்த்து, ஒரே ஒரு முட்டை ஒட்டிவிட்டுப் போய்விடும். பூச்சி தெளிந்து எழுந்து எதுவும் நடக்காதது போல மண்ணுக்குள் போய் வழக்கமான வேலையைப் பார்க்கும். ஒரு வாரத்தில் முட்டை பொரியும். வெளியே ஒட்டிக்கொண்டே புழு அதை உறிஞ்சும், இரண்டு வாரம் போல ஆனதும் பூச்சி முடிந்தது. படித்ததைத்தான் சொல்கிறேன். கொட்டுவதை நேரில் இதுவரை பார்க்க வாய்க்கவில்லை.

ஈயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர்மியா டெப்லீட்டா. ஆண் பிள்ளைப்பூச்சி பொழுது சாய்ந்ததும் கொம்பு வடிவில் வளையை அமைத்து அதற்குள் உட்கார்ந்து பாடும், வளையே ஒலிபெருக்கி. பெண் பூச்சிக்காகப் பாடுகிற பாட்டை இந்த ஈயும் கேட்கிறது. கேட்டு வந்து தன் புழுக்களை அங்கே விடுகிறது. மூன்று இனத்தில் ஒன்றுக்கு இறக்கை குட்டை, அது பாடுவதே இல்லை. அதனால் ஈக்கு அது அகப்படாது. ஈயால் முடியாத இடத்தைக் குளவி பார்த்துக்கொள்கிறது. இந்த ஈ தெற்குப் பக்கம்தான் நிலைத்தது, எங்கள் அளவு வடக்கே நிலைக்கவில்லை. எங்களுக்குக் குளவியும் நூற்புழுவும்தான் கதி.

---

வடலி (ஸ்கொட்லாந்து)

நான் இஞ்ச ஒரு சின்னக் கிளப்பில புல்லு வெட்டுற வேலை செய்யிறன். எங்களுக்குப் பிள்ளைப்பூச்சி இல்லை. நீளக்கால் ஈயின்ர புழுதான் பிரச்சினை. லெதர்ஜாக்கெட் எண்டு சொல்லுவினம், தோல் மாதிரித் தடிச்ச மேல். வேரைத் தின்னும். அதைத் தேடி ரூக் எண்ட காகமும் சூறைக்குருவியும் வந்து கிரீனை, அதாவது குழி இருக்கிற வழுவழுப்பான புல்தரையை, கொத்திக் கிளறிப்போடும். ஒன்பதாம்குழி அண்ணை சொன்னது சரிதான், எங்களுக்குப் புழுவைவிடக் காகம் செய்யிற அழிவு கூட.

2016ஓட குளோர்பைரிபொஸ், இமிடாகுளோப்ரிட் எண்ட பூச்சிமருந்து ரெண்டும் எங்களுக்கு இல்லாமல் போச்சுது. முதல் இரண்டு வருசம் எல்லாரும் தலையில கை வைச்சுக்கொண்டு இருந்தவை. பிறகுதான் நூற்புழுவைப் பழகினம். ஸ்டெய்னர்நீமா ஃபெல்ட்டியே எண்ட இனம். பெட்டியில வரும், தண்ணியில கரைச்சு விசிறலாம். ஆனால் அது உயிருள்ள சாமான் எண்டதை ஆக்கள் விளங்கிக்கொள்ளேல்லை. மருந்து மாதிரி நினைச்சு நல்ல வெயிலுக்க அடிச்சவை, வெயில் பட்டதும் செத்துப்போச்சு. தெளிப்பானில நுண்ணிய வடியைக் கழட்டாமல் அடிச்சவை, வடியிலயே நசிஞ்சு போச்சு. மண் குளிர்ந்து கிடக்கேக்க போட்டவை, அசையாமல் கிடந்தது. பிறகு "நூற்புழு வேலை செய்யாது" எண்டு சொல்லிச்சினம். பின்னேரம், மண் ஈரமா, ஓரளவு சூடா இருக்கேக்க, முன்னும் பின்னும் தண்ணி விட்டுச் செய்தால் வேலை செய்யுது. நான் செய்து பார்த்தனான்.

இன்னொரு வழியும் உண்டு, பூச்சிகொல்லி இல்லாமல். ராத்திரி கிரீனுக்கு மேல கறுப்புத் தார்ப்பாய் விரிச்சு விட்டால் விடிய எல்லாப் புழுவும் மேல வந்து கிடக்கும். பாயை இழுத்த உடன காகம் வந்து பொறுக்கும். அப்ப கொத்திக் கிளறத் தேவையில்லை அதுக்கு. அதே காகம்தான், தரை பழுதாகேல்லை.

உங்கட இடத்தில நூற்புழு இப்பவும் வாங்கலாமோ?

---

அருகம்புல்

இல்லை. எங்கள் பூச்சிக்குரிய ஸ்டெய்னர்நீமா ஸ்காப்டரிசி இனம் உருகுவேயிலிருந்து 1985இல் வந்தது. ஒரு காலத்தில் விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள், கோல்ஃப் மைதானங்களில் இறக்கிப் பார்த்தார்கள். பிறகு உற்பத்தி நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யோசித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு முறை போட்டால் மண்ணில் தங்கி, செத்த பூச்சியிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருகி, அடுத்த பூச்சியைத் தேடிப் போகிற சரக்கு. வருடாவருடம் வாங்க வேண்டியதில்லை. அப்படி ஒரு பொருளைத் தொடர்ந்து விற்க யாருக்கு லாபம்? நிலத்துக்கு நல்லதாக இருப்பதே அதற்குக் கடையில் இடமில்லாமல் ஆக்கிவிடுகிறது. ஏற்கெனவே மண்ணில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் எங்களால் முடிந்தது.

வடலி, தார்ப்பாய் விஷயம் அருமை. எங்களுக்கு அதற்குச் சமமானது சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் 45 மில்லியை ஏழரை லிட்டர் தண்ணீரில் கலந்து, இரண்டடிக்கு இரண்டடிச் சதுரத்தில் ஊற்றி மூன்று நிமிடம் பார்க்க வேண்டும். பிள்ளைப்பூச்சி எரிச்சல் தாங்காமல் மேலே வரும். சராசரியாக இரண்டு முதல் நான்கு வந்தால்தான் மருந்து பற்றியே யோசிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் வழிகாட்டல். எங்கள் கிளப்பில் நான் சேர்ந்தபோது எண்ணாமலேயே காலண்டரைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

---

கண்மாய்க்கரை (மதுரை)

குறுக்கே ஒரு கேள்வி. மைதானத்தில் குளம் இருக்குமே, கொசுவுக்குக் கம்பூசியா மீன் விடலாமா? எங்கள் ஊரில் மாநகராட்சி விடுகிறது.

---

பூச்சிப்பெட்டி

கம்பூசியா ஹோல்புரூக்கி ஃபுளோரிடாவுக்கே சொந்தமான மீன், அங்கே அது தானாகவே இருக்கும். நம் ஊரில் விடுவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். கொசுப்புழுவோடு தவளைமுட்டையையும் உள்ளூர்ச் சிறு மீன்களின் குஞ்சையும் தின்றுவிடும். தவளையும் தும்பியும் தங்குகிற மாதிரிக் குளத்தோரம் புல்லை வெட்டாமல் விடுவதை நான் முதலில் செய்வேன்.

அண்ணா, உங்களுக்கு உதவும் ஒன்று கிடைத்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் கோல்ஃப் ஃபேர்வேயின் ஓரத்தில் பூச்செடியும் உயரமான புல்லும் கலந்த பட்டைகளை வைத்துப் பார்த்து 2004இல் எழுதியிருக்கிறார்கள். பட்டை இருந்த இடத்தில் இரைவிழுங்கிப் பூச்சிகள் கூடின. பக்கத்து ஃபேர்வேயில் வைத்த கரும் வெட்டுப்புழுக்களை அவை கூடுதலாகத் தின்றன. உங்கள் நிலை அதேதான்: ஃபேர்வே, ஓரத்தில் பூ. கமிட்டிக்குச் சொல்ல இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைக்காது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பெர்மகோசே அங்கே வெளிநாட்டுச் செடி, பரவும் குணமுள்ளது. கமிட்டி அதைக் களை என்று சொல்வதில் தவறில்லை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால் தோற்றுவிடுவீர்கள். பார்ட்ரிட்ஜ் பீ என்று உள்ளூர்ச் செடி ஒன்று உண்டு, நம் ஆவாரையின் தூரத்து உறவு, மஞ்சள் பூ. அதன் இலைக்காம்பில் இருக்கும் தேன்சுரப்பியிலும் லாரா குளவி குடிக்கும். பென்டாஸ் செடிக்கும் வருவது உண்டு.

---

அருகம்புல்

நீ சொன்னது சுருக்கென்று தைத்தது தங்கச்சி. அந்தச் செடிமேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது, அதனால் அதன் குறையைப் பார்க்கவில்லை. நான் காப்பாற்ற நினைத்தது குளவியின் சாப்பாட்டை. அது எந்தச் செடியில் இருந்தால் என்ன?

---

ஒன்பதாம்குழி

இப்போது எனக்கும் விஷயம் பிடிபடுகிறது. கமிட்டியில் பேசுவது பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். பூச்சியியல் பாடம் எடுக்காதீர்கள். கிரீன்களைப் பற்றி முதலில் பேசுங்கள்: "18 கிரீனிலும் என் வேலையில் ஒரு மாற்றமும் இல்லை, அங்கே சேதம் கண்டால் உடனே மருந்து" என்று ஆரம்பியுங்கள். விளையாடுகிறவன் மனதில் கிரீன்தான் மைதானம். அது பத்திரம் என்று தெரிந்தால் ரஃப் ஓரத்தில் என்ன பூக்கிறது என்று சண்டை போடமாட்டான். இரண்டாவது, சோப்புத் தண்ணீர் சோதனையை அவர்கள் கண்முன்னே செய்யுங்கள். பூச்செடிக்குப் பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று. செம்பனைத்தோட்டம் சொன்னாரே, துணி மூட்டை. அதுதான் வழி.

பக்கத்திலும் தூரத்திலும் ஒரே எண்ணிக்கை வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

---

அருகம்புல், ஜூன்

கூட்டம் முடிந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி கிரீனில் ஆரம்பித்தேன். பிறகு ஏழாவது ஃபேர்வேக்கு எல்லாரையும் கூட்டிப்போனேன், கையில் இரண்டு நீர்த்தெளி வாளி. செடி பக்கத்தில் நான்கு சதுரம், பதினான்காவது ஃபேர்வேயில் நான்கு சதுரம். செடி பக்கத்தில் மொத்தமே ஒரு பூச்சி. பதினான்கில் ஒன்பது. ஒரு காலைப்பொழுதில் எட்டுச் சதுரம் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது, மண்ணும் இரண்டு இடத்தில் ஒன்றல்ல, பதினான்கு கொஞ்சம் மணற்பாங்கு. அதையும் சொன்னேன். ஆனாலும் அந்த ஒன்பதைப் பார்த்த முகங்கள் மாறின.

முடிவு இது. போட்டி பார்வையாளர் நிற்கும் பக்கம் இருக்கும் பாதிச் செடியை எடுக்க வேண்டும். மரங்களை ஒட்டிய பாதி இந்த வருடம் இருக்கலாம். எடுத்த இடத்தில் பார்ட்ரிட்ஜ் பீ விதைக்க அனுமதி, டீ மேடைகளின் (முதல் அடி அடிக்கும் இடம்) ஓரத்தில் சிவப்புப் பென்டாஸ் வைக்கச் செலவும் ஒதுக்கினார்கள். பென்டாஸ் பார்க்க அழகாக இருக்கும் என்பதால்தான் ஒப்புக்கொண்டார்கள், குளவிக்காக இல்லை. பரவாயில்லை, குளவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஃபேர்வேயில் காலண்டர்படி பிப்ரோனில் போடுவதை நிறுத்தி, எண்ணிப் பார்த்து, இரண்டுக்கு மேல் வந்த இடத்தில் மட்டும் ஜூலைக்குள் இளம்பூச்சிக்கு மருந்து. இதுதான் நான் எதிர்பார்க்காதது.

பாதிச் செடியை நானே பிடுங்கினேன். மருந்து அடிக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் ஆனது.

---

செம்பனைத்தோட்டம்

நல்லது தம்பி. பாதி கிடைச்சது பெருசு. எங்க தோட்டத்துல முதல் பெட்டியில கூகை குடிவர ரெண்டு வருசம் ஆச்சு. விதைச்சதும் வரலையேன்னு மனசு விட்டுறாதீங்க.

---

வடலி

குளவி கொட்டிறதை ஒரு நாள் கண்டால் கட்டாயம் எழுதுங்கோ.

---

அருகம்புல், அக்டோபர்

வடலிக்காக எழுதுகிறேன்.

இங்கே இலையுதிர் காலத்தில்தான் லாரா குளவி அதிகம். மிச்சம் விட்ட பாதிச் செடியில் ஒரே நேரத்தில் 23 எண்ணினேன். பார்ட்ரிட்ஜ் பீ முளைத்திருக்கிறது, மெலிவாகத்தான். பென்டாஸில் வண்ணத்துப்பூச்சி நிறைய, குளவி இரண்டு மூன்றுதான். பதினான்காவது ஃபேர்வேயில் ஜூலையில் ஒரு முறை மருந்து போட வேண்டி வந்தது. மற்ற பதினேழில் இந்த வருடம் போடவில்லை. இரண்டு இடத்தில் சுரங்கம் தெரிகிறது, உறுப்பினர் ஒருவர் புகார் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது உண்மைதான், அந்த இடத்தில் பந்து நின்றால் அடிப்பது சிரமம். உருளையை இழுத்து மண்ணை அமுக்கித் தண்ணீர் விட்டிருக்கிறேன்.

நேற்று காலை பத்து மணி இருக்கும். ஏழாவது ஃபேர்வேயின் பங்கர் என்கிற மணற்குழியின் விளிம்பில் மணலைச் சீர்செய்துகொண்டிருந்தேன். காலடியில் மண் பொங்கியது. வளர்ந்த பிள்ளைப்பூச்சி ஒன்று உடம்பை முழுசாக வெளியே தள்ளிக்கொண்டு மணலில் ஓடியது. பட்டப்பகலில் அது வெளியே வரவே வராது. எனக்குப் புரிவதற்குள் அதே துளையிலிருந்து குளவி வந்துவிட்டது. ஒரு கணம்தான், ஏறிப் புரட்டி அடியில் கொட்டியது. பூச்சி கால் நீட்டிக் கிடந்தது. குளவி வயிற்றை வளைத்து அதன் காலடியில் ஏதோ செய்துவிட்டுப் பறந்துபோனது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குனிந்து நின்றேன். நான்கு நிமிடம் கழித்து ஒரு கால் ஆடியது, பிறகு எல்லாம். எழுந்தது, கொஞ்சம் நின்றது, மண்வெட்டி போன்ற அந்த முன்கால்களால் பங்கர் ஓரத்துப் புல்லடியில் தோண்டி உள்ளே போய்விட்டது.

அந்த இடத்தில் ஒரு மர டீயை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு ஆணி) குத்தி வைத்திருக்கிறேன். பையன்களிடம் அங்கே இரண்டு மாதத்துக்குக் காற்றோட்டத் துளை போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.